நெஞ்சு வரைக்கும் வந்திருக்கு

இன்று காலை மணி 6.42. கைபேசித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு நெற்றி.

நெற்றிக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நெற்றிக்குக் கீழே எதுவும் இல்லை. ஜெசிந்தா மதினி வீடியோவில் கூப்பிட்டால் எப்போதும் இப்படித்தான். போனை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பல தடவை சொல்லியாகிவிட்டது. சொன்னால் நெற்றியும் போய் விசிறி மட்டும் மிஞ்சும். அதனால் சென்னையில் நானும் தூத்துக்குடியில் அந்த நெற்றியும் என்று பேசிப் பழகிவிட்டோம்.

"ஏளா, ஒங்க வீட்டு முன்னால நின்ன டெலிபோன் கம்பத்தப் புடுங்குதாவ."

"யாரு மதினி?"

"ரோடு போட வந்தவிய. கம்பியெல்லாம் சுருட்டி வண்டியில போட்டாச்சி. இரி, ஒனக்குக் காட்டுதேன்."

விசிறி தெரிந்தது. பிறகு கூரை. பிறகு ஒரு செருப்பு. அவள் வாசலுக்கு நடந்து வருவதற்குள் அந்தக் கம்பத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு கம்பி வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் மூன்று போன்கள் இருந்தன. ஒன்று பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் இருந்தது. இன்னொன்று மைக்கேல் அண்ணாச்சி கடையில், காசு போட்டுப் பேசுகிற பெட்டி. மூன்றாவது எங்களுடையது. தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் எங்கள் எண்ணைத்தான் தங்கள் எண்ணாகக் கொடுத்திருந்தார்கள். எண்ணுக்குப் பின்னால் 'பிபி' என்று எழுதிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று பொருள். கல்யாணப் பத்திரிகைகளில்கூட அந்த எண் வந்திருக்கிறது. யாரென்றே தெரியாத மாப்பிள்ளைக்கும் எங்கள் வீட்டு எண்.

அப்பா துறைமுகத்தில் சிக்னல் ஸ்டேஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் தளத்தில் கட்டியது, எத்தனை மணிக்கு அவிழ்த்தது என்று முப்பது வருடம் எழுதியவர். ஓய்வுக்குப் பின் எழுத எதுவும் இல்லாமல் பால்காரர் வரும் நேரத்தைக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். அப்படி இருந்த வீட்டுக்குள்தான் நான் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தேன்.

நான் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுத ஆரம்பித்து இரண்டாவது வருடம் அது. அதுவரை செய்தியைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். அது நெல்லைக்குப் போய், பஸ் மாறி, மதுரைக்குப் போகும். ஒருமுறை என்னுடைய கவர் கயத்தாற்றில் ஒரு டீக்கடையில் இறங்கி இரண்டு நாள் தங்கியது. அதில் இருந்தது புயல் எச்சரிக்கை. புயல் வேறு பக்கம் போய்விட்டதால் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆபீஸில் இனி எல்லோரும் இன்டர்நெட்டில் அனுப்புங்கள் என்றார்கள்.

ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர். சூடானால் பழைய ஃபைல் வாசனை வரும். இன்றைக்கும் பழைய தாள் வாசனை அடித்தால் எனக்கு, கம்ப்யூட்டரைப் போன் கம்பியோடு இணைத்த மோடத்தின் சத்தம் கேட்கும். உப்புக் காற்றில் போன் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். வாரம் ஒரு தடவை அம்மா உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கொடுப்பாள். விளக்கைத் துடைக்கிற முகத்தோடுதான் அதையும் செய்வாள்.

முதல் நாள் மோடம் கத்தியபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"நீளமா ஒரு ஊது. அப்புறம் குட்டையா ரெண்டு. ஏளா, எவனோ இடது பக்கம் திரும்புதேன்னு சொல்லுதான்."

"அப்பா, அது கப்பல் இல்ல."

"கப்பல் இல்லன்னா எதுக்கு ஊதுது?"

அன்று நான் முதலில் திறந்து பார்த்தது எங்கள் பத்திரிகையின் பக்கத்தைத்தான். வந்து சேர ஒன்பது நிமிடம் ஆனது. நேற்றைய பேப்பர் வந்தது. நேற்றைய பேப்பர் வீட்டிலேயே இருந்தது. அப்பா அதை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்து வரி வரியாக ஒப்பிட்டார். கடைசியில், "தப்பு உட்பட சரியா வந்து சேந்திருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். மறுநாள் கருப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் இப்படி: '17.10, இணைப்பு. 17.31, அறுந்தது. காரணம் தெரியவில்லை. காற்று தென்கிழக்கு.'

நான் சிரித்தேன். ஆனால் அந்த நோட்டு இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் ஒரு நேரக் குறிப்புகூடச் சரியாக இருந்திருக்காது.

சிக்கல் சீக்கிரமே வந்தது. நான் இன்டர்நெட்டில் இருந்தால் போன் வேலை செய்யாது. போன் வேலை செய்யாவிட்டால் தெருவுக்கே கப்பல் இல்லை. மூன்று வீட்டுப் பெண்கள் வந்து முறையிட்டார்கள். அப்பா யோசித்து, தனக்குத் தெரிந்த வழியைக் கண்டுபிடித்தார்: மாடியில் கொடி.

கடலில் ஒரு கொடி உண்டு. பாதி வெள்ளை, பாதி நீலம், வால் பிளந்தது. எங்கள் ஆள் தண்ணீருக்கு அடியில் இருக்கிறார், விலகி மெதுவாகப் போங்கள் என்று அதற்குப் பொருள். அப்பாவின் சீருடைச் சட்டையிலிருந்து வெள்ளையும் என் பள்ளிக்கூடப் பாவாடையிலிருந்து நீலமும் எடுத்து அம்மா தைத்துக் கொடுத்தாள். நான் கம்ப்யூட்டரில் உட்காருவதற்கு முன் அப்பா மாடிக்குப் போய் ஏற்றுவார். முடிந்ததும் இறக்குவார். எங்கள் தெருவில் யாருக்கும் அதை விளக்கத் தேவை இருக்கவில்லை. சங்கு குளிக்கப் போகிறவர்களும் கப்பலில் போகிறவர்களும் இருக்கிற தெரு. "மக முங்கியிருக்கா போல" என்பார்கள். "எந்திரிச்சிட்டாளா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வருவார்கள்.

கொடி ஒரு மாதம் பறந்தது. அதன் பிறகுதான் மைக்கேல் அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு வந்து கேட்டார்.

"ஆமா, கொடிய நாங்க பாத்துட்டோம். சிங்கப்பூர்லேருந்து கூப்பிடுதவன் எப்பிடிப் பாப்பான்?"

அப்பா கொடியைப் பார்த்தார். கடல் பக்கம் பார்த்தார். இதைத் தெருவில் ஒருவரும் ஒரு மாதமாக யோசிக்கவில்லை. செய்திகளில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கிய நானும் யோசிக்கவில்லை. மறுநாள் அப்பா எக்ஸ்சேஞ்சுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இனிமேல் யாராவது கூப்பிட்டால் நடுவில் ஒரு 'பீப்' வரும். இன்டர்நெட் அறுந்துவிடும், போன் அடிக்கும். வருகிற கப்பலைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அவர் கட்சி. கொடியை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஜெசிந்தா மதினி வந்து சேர்ந்தாள்.

எங்களுக்கு எதிர்வீடு. அவள் கணவர் அந்தோணி அண்ணன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஸ்பானரும் வலது கையும் இருந்தால்தான் அந்த வேலை. அவருடைய கப்பலில் இருந்த இன்னொருவர் புன்னைக்காயலில் தன் வீட்டுக்குப் பேசும்போது, அந்தோணியின் வலது கை கயிறு இழுக்கும் வின்ச்சில் மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கிறார். அது சுற்றி வந்து மதினி காதில் விழுந்தது. அண்ணன் போனில், "ஒண்ணுமில்ல, சின்னக் கீறல்" என்றார். மதினி நம்பவில்லை. அவளிடம் ஆதாரம் இருந்தது. நான் இருந்த பத்திரிகையில்கூட இவ்வளவு சுத்தமான ஆதாரம் கேட்கமாட்டார்கள்.

"வாராவாரம் கடுதாசி எழுதுத மனுசன். ரெண்டு மாசமா ஒரு வரி இல்ல. போன் மட்டும் பண்ணுதாவ. கீறலுன்னா ஏன் எழுதல?"

அண்ணனுடைய கப்பல் வட ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் நின்றது. அந்த ஊரின் பெயரைத் தெருவில் மூன்று விதமாகச் சொன்னார்கள். அங்கே மாலுமிகள் இளைப்பாறும் விடுதியில் கம்ப்யூட்டர் இருந்தது, படம் எடுத்து அனுப்பித் தருகிறவரும் இருந்தார். மதினி போனில் உத்தரவு போட்டாள். "முழு ஆளும் தெரியணும். கை தெரியணும்." சனிக்கிழமை படம் வரும் என்று முடிவானது. அன்று சாயங்காலமே கப்பல் கிளம்புகிறது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் முன்னறையில் பதினோரு பேர் இருந்தார்கள். மைக்கேல் அண்ணாச்சி மக்ரூன் பொட்டலத்தோடு வந்திருந்தார். அப்பா கொடியை ஏற்றிவிட்டு வந்து பேனாவைத் திறந்தார். 17.12க்கு இணைப்பு கிடைத்தது. 17.20க்குப் படம் வர ஆரம்பித்தது.

அந்தக் காலத்துப் படம் எப்படி வரும் என்பதை நீங்கள் மறந்திருக்கலாம். மேலேயிருந்து ஒரு விரல் அகலம் வரும். நிற்கும். யோசிக்கும். இன்னொரு விரல் அகலம் வரும்.

முதலில் சாம்பல் நிறத்தில் ஏதோ.

"மேகம்" என்றாள் மதினி.

பிறகு ஒரு கட்டடத்தின் மேல்பாகம், ஒரு குழல் விளக்கு. பதினைந்து நிமிடம் கட்டடம் பார்த்தோம். அதன் பிறகு முடி வந்தது. பிறகு நெற்றி.

"சேசுவே, அவிய நெத்திதான். சைக்கிள்ல விழுந்த தழும்பு இருக்கு பாரு."

அறையில் எல்லோரும் அந்த நெற்றியை வரவேற்றார்கள். கண் வந்தது, மீசை வந்தது. "மெலிஞ்சிட்டான்" என்றாள் அம்மா. கழுத்து, காலர், சட்டையின் முதல் பொத்தான். வலது தோள் இருந்தது. மதினி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். அப்போது படம் நின்றது. போன் அடித்தது.

அப்பா எடுத்தார். மறுமுனையில் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"பெரியப்பா, அந்தோணி பேசுதேன். படம் வந்துட்டா?"

"நெஞ்சு வரைக்கும் வந்திருக்கு. நீ கூப்பிட்டதும் போயிட்டு. வைலே போன!"

மறுபடி இணைப்பு, மறுபடி ஊதல். படம் விட்ட இடத்திலிருந்து வரவில்லை; முதலிலிருந்து வந்தது. "இந்த மேகத்த முன்னயே பாத்தாச்சே" என்றார் அண்ணாச்சி. கட்டடம், குழல் விளக்கு, முடி, நெற்றி. இந்தத் தடவை நெற்றியை யாரும் வரவேற்கவில்லை. தோள் வந்தது. முழங்கை வந்தது, முழுக்கைச் சட்டையோடு. போன் அடித்தது.

"இப்பம் முழுசா வந்துட்டா பெரியப்பா?"

மதினி அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏங்க, ஒங்களுக்கு வலது கை இருக்கா, இல்லியா?"

"அதான் படம் அனுப்பியிருக்கம்லா, பாரு" என்றார்.

"வாயில சொல்ல முடியாதா? இருந்தா இருக்குன்னு சொல்லணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும். அதுக்கு என்னத்துக்கு மேகத்துலேருந்து ஆரம்பிக்கணும்?"

"ஏளா, காசு ஓடுது..."

"இனிமே நானாச் சொல்லுத வரைக்கும் நீங்க போன் பண்ணக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணிவிட்டு வைத்தார்.

மூன்றாவது தடவை மக்ரூன் பொட்டலம்கூட மூடியிருந்தது. மேகம் வந்தது. நெற்றி வந்தது. முழங்கை தாண்டியது. 18.52க்கு, நோட்டின்படி, படம் முழுவதும் வந்து சேர்ந்தது.

இடது கை பக்கவாட்டில் தொங்கியது. ஐந்து விரலையும் எண்ணிக்கொள்ளலாம் என்பதுபோல் விரித்துப் பிடித்திருந்தார். வலது கை மணிக்கட்டு வரை தெரிந்தது. அதற்குக் கீழே பேன்ட் பாக்கெட்.

"அங்கன குளுருல்லா" என்றாள் அம்மா. "அதான் கைய உள்ள விட்டிருக்கான்."

"அப்ப இடது கைக்குக் குளுராதா அத்த?" என்றாள் மதினி.

அவள் எழுந்து திரையின் மீது அந்தப் பாக்கெட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மாமா, இத நிறுத்துங்க. அவிய கூப்பிடட்டும். நான் கேட்டுக்கிடுதேன்."

நான் இணைப்பைத் துண்டித்தேன். அப்பா மாடிக்கு ஓடிப்போய்க் கொடியை இறக்கினார். பதினோரு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று வரை அந்த போன் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏ ஜெசிந்தா, நீதான கூப்பிடக்கூடாதுன்னு சத்தியம் வாங்குன?"

நாங்களாக அண்ணனைக் கூப்பிட எங்களிடம் நம்பர் இல்லை. நான் 'உடனே கூப்பிடுங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதை அவர் திறக்க வேண்டுமானால் இன்னொரு துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டும். கப்பல் அதற்குள் அவிழ்த்துவிட்டது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு வரிதான். 'படம் வந்ததா?'

நான்கு மாதம் கழித்து அவர் ஊருக்கு வந்தார். அதற்குள் எனக்கு மதுரைக்கு மாற்றலாகியிருந்தது. மதினி ரயில் நிலையத்தில் பெட்டியை வாங்குவதற்கு முன் கையை வாங்கிப் பார்த்தாள் என்று அம்மா போனில் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தோணி அண்ணன் திரும்பக் கப்பலுக்குப் போகவில்லை. சைக்கிள் கடை போட்டார்.

அப்பாவின் நோட்டில் கடைசிப் பதிவும் போன் தொடர்பானதுதான்: 'கொடி கிழிந்துவிட்டது. புதிது தேவையில்லை.' அதற்குள் தெருவில் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. கம்பி மட்டும் யாரும் பேசாமல் பல வருடம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மதினி இப்போது வாசலுக்கு வந்துவிட்டாள். திரையில் மறுபடியும் நெற்றி, அதற்கு மேல் வானம்.

"மதினி, கம்பம் எங்க? எனக்கு மேகம்தான் தெரியுது."

"இவ கையில குடுத்தா இப்பிடித்தான். இங்கன தா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அந்தோணி அண்ணன். போனை இடது கையில் வாங்கினார். படம் ஆடி நின்றது. தெரு தெரிந்தது, எங்கள் பழைய வீட்டு வாசல் தெரிந்தது, அதன் முன்னால் புது மண்ணும் ஒரு குழியும்.

"இந்தா, இங்கனதான் நின்னுச்சி" என்று வலது கையை நீட்டிக் காட்டினார்.

அந்தக் கையில் மூன்று விரல்கள் இருந்தன.