விளக்குப் பெட்டியில் விழுந்த மனு

ஜோகுபாளையத்தில் என் வயதுப் பிள்ளைகள் பலரும் உலகத்தில் முதலில் பார்த்த முகம் சந்திரம்மாவுடையது. நாங்கள் அழுதுகொண்டே பிறந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்வேன்.

“காந்தா, உனக்கு நாக்கு மொதல்ல வந்துச்சு, தலை அப்புறமாத்தான் வந்துச்சு” என்பாள் அவள்.

வார்டுப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. பதினோரு வருடமாக டெம்பரவரி. திங்கட்கிழமை கதவில் ஒட்டுகிற டூட்டி லிஸ்டில் பெயர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. புருஷன் போன பிறகு அவள் அடுப்பு எரிந்தது அந்த லிஸ்டை நம்பித்தான். லிஸ்டில் யார் இருக்கலாம் என்று சொல்கிறவர் ஆஸ்பத்திரி கமிட்டியில் இருந்த வெங்கடசாமி. ஆளுங்கட்சியின் வார்டு செக்ரெட்டரி.

மைசூர் ராஜ்ஜியத்துக்கு முதல் பொதுத் தேர்தல் வந்தது. ஓட்டர் லிஸ்டுக்குப் பெயர் எழுத வந்த குமாஸ்தாவிடம் எங்கள் சந்துப் பெண்கள் ‘இன்னார் சம்சாரம்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். அந்தப் பெயர்களெல்லாம் அப்புறம் அடிபட்டுப் போயின. சந்திரம்மா மட்டும், “சந்திரம்மா! எழுதுங்க!” என்று போட்ட சத்தத்தில் அவர் பேனா மை சிந்தியது.

மறைப்புக்குள் தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அவர் சின்னத்தின் படம் ஒட்டிய தனிப்பெட்டி வைப்பார்கள், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்று தண்டோராக்காரன் விளக்கினான். அவள் புரிந்துகொண்டது வேறு. சர்க்கார் உண்டியல் வைக்கிறது, வேண்டுதலை எழுதிப் போடலாம்! ஆறாவதோடு நின்ற என்னிடம் மனு எழுதச் சொன்னாள்.

‘மேன்மை தங்கிய சர்க்காருக்கு, ஜோகுபாளையம் ஆயா சந்திரம்மா எழுதிக்கொண்டது. என்னைப் பர்மனெண்டு ஆக்கவும்.’

“எந்தப் பொட்டியில போடறது? எல்லாம் ஒரே சர்க்காருக்குத்தானே போவுது?”

அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்: “விளக்குப் பொட்டியில போடு பெரிம்மா. உள்ள வெளிச்சமா இருக்கும். சீக்கிரம் படிப்பாங்க.”

ஓட்டுச் சீட்டையும் மனுவையும் சேர்த்து மடித்து விளக்குப் பெட்டியில் போட்டு, கும்பிட்டுவிட்டு வந்தாள். மூன்று நாள் சிரித்தேன்.

விளக்கு, ஆளுங்கட்சியை எதிர்த்து நின்ற கோவிந்தப்பாவின் சின்னம். மில் தொழிலாளர் சங்கத்து ஆள். என் அப்பாவும் அந்தச் சங்கம்தான். பெட்டிகளை எல்லாக் கட்சிக்காரர்கள் முன்னாலும்தான் உடைத்து எண்ணுவார்கள் என்று அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்குச் சிரிப்பு நின்றது.

ஆளுங்கட்சி ஜெயித்தது. மறுநாள் சாயங்காலம் வெங்கடசாமி வெற்றி மாலை, கூட்டம் எதுவுமில்லாமல் தனியாக வந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் சந்திரம்மா வீட்டு வாசலில் குடத்தோடு நின்றிருந்தேன்.

“ஏன் சந்திரம்மா, சென்னாகித்தீயா?” என்று கன்னடத்தில் சுகம் விசாரித்தார். சட்டைப் பையிலிருந்து என் கையெழுத்தில் இருந்த மனுவை எடுத்தார். “ஓட்டு ரகசியம்னு சர்க்கார் சொல்லுது. நீ பாரு, பேரு, ஊரு எல்லாம் எழுதிப் போட்டிருக்கே.”

“சர்க்காருக்குத்தாங்க எழுதுனேன்.”

“வந்து சேர்ந்துடுச்சு. பர்மனென்ட்தானே? பண்ணிடலாம். விளக்கைக் காட்டி எழுதிக் குடுத்தது யாரு? அதை மட்டும் சொல்லு.”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “வழியில போன யாரோ.”

“வழியில போற படிச்சவன் பர்மனெண்டுக்கு மூணு சுழி ‘ண’ போட மாட்டானே. கோவிந்தப்பா ஆளா?”

“நான்தான். வெளையாட்டுக்கு எழுதினேன்” என்றேன். நாக்குதானே எனக்கு முதலில் வந்தது.

அவர் கோபப்படவில்லை. பென்சிலை எடுத்தார். “உங்கப்பா பேரு என்னம்மா?”

சந்திரம்மா நடுவில் வந்து நின்றாள். “அது அரைக் கிறுக்குங்க. எங்க எது நடந்தாலும் நான்தான்னு நிக்கும். போட்டது என் கை. என் பேரை எழுதிக்குங்க.”

“சரிம்மா” என்று எழுதினார். ஒரு பெயர் எழுத அவ்வளவு நேரம் ஆகாது.

திங்கட்கிழமை லிஸ்டைப் படிக்க என்னையும் கூட்டிப் போனாள். கதவு முன்னால் மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை, ஏதாவது ஒரு எழுத்து சந்திரம்மாவாக மாறாதா என்று பார்த்தேன். “இல்ல பெரிம்மா” என்றேன். பிறகு விளக்கு, வெளிச்சம், என் பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது, “உங்கப்பன்கிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“இன்னிக்கே சொல்லு. அந்தாளு ரெண்டு வரி எழுதினான்.”

சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, “பார்த்துக்கலாம்” என்றார், சாப்பிடவில்லை.

சாயங்காலம் மில் சங்கு ஊதினால் சந்திரம்மா இப்போது சந்து முனைக்குப் போகிறாள். காற்று வாங்க என்கிறாள். அப்பாவின் சைக்கிள் திரும்பியதும் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

இன்று சங்கு ஊதி ஒரு மணி நேரம் ஆகிறது. மற்ற சைக்கிள்கள் எல்லாம் வந்துவிட்டன. அவள் இன்னும் முனையிலேயே நிற்கிறாள்.