ஊலிக்கு நான்தான் வாய்

எங்க பறக்கும் கிளப்புல எனக்கு வெச்ச பேரு "ஊலியோட வாய்". ஜோசியான்னு அம்மா அப்பா ஆசையா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு, அதை யாரு சீண்டுறா? "எங்கய்யா ஊலியோட வாய், சமையக்கட்டுலயா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வொருத்தனும் சாப்பாட்டுக்கு வந்து உக்காருவான். கிளப்புக்குச் சமைக்கிறவளும் நான்தான், பறக்குற உரிமம் வெச்சிருக்கிறவளும் நான்தான். கரண்டியைத் தூக்கிக் காட்டுனா வாயை மூடுவானுங்க.

ஊலி சுவிட்சர்லாந்துக்காரர். பெர்ன் பக்கத்து மலைக் கிராமம். வாழ்நாள் பூரா பண்ணை பண்ணையாப் போயி பால் தொட்டி பொருத்துன மனுஷன். ஓய்வு வாங்குன பிறகு எங்க ஊரு சொலாஞ்சைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, பிரான்சுல இந்த பர்கண்டியில எங்க வெள்ளை மாடுங்களுக்கு நடுவுல வந்து குடியேறுனாரு. கூடவே ரெண்டு பேர் உக்கார்ற ஒரு குட்டி விமானமும் வந்துச்சு. சொலாஞ்ச் பிறந்தது மட்டும் ஜெர்மன் எல்லையோரத்து அல்சாஸ்ல. அவளுக்கு ஜெர்மன் பாஷை தண்ணிபட்ட பாடு. வீட்டுக்குள்ள அதுலயே குடும்பம் ஓடிடுச்சு. நாங்க பிரெஞ்சுல பேசுனா அவருக்கு முக்கால்வாசி புரியும், ஆனா திருப்பிப் பேசணும்னா ஒரு சிரிப்போட நிறுத்திக்குவாரு.

கடைத்தெருவுல சிரிச்சுச் சமாளிக்கலாம். வானத்துல முடியுமா? எங்க விமானக் களம் வெறும் புல்தரை. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்ல, வழி சொல்ல ஆள் இல்ல. நான் இங்க இருக்கேன், நான் இறங்கப் போறேன்னு மேல இருக்குறவங்களே ரேடியோவுல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும். அதையும் பிரெஞ்சுல மட்டும்தான் சொல்லணும், இங்கிலீஷ் கூடாதுன்னு சட்டம். எல்லாருக்கும் புரிஞ்சாத்தானே மோதாம இருக்க முடியும்? நியாயமான சட்டம்தான். அநியாயச் சட்டமா இருந்தா நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டு மீறிடலாம். நியாயமா இருக்குறதுதான் கழுத்தைப் பிடிக்குது.

வந்த புதுசுல ஊலி தைரியமா ஒருதடவை ரேடியோவுல பேசுனாரு. கேட்க ஒருமாதிரியாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா அர்த்தம் சுத்தம். அப்ப மேல இருந்த நம்ம ரெமி, எஞ்சின் இல்லாத கிளைடரைத் தன் விமானத்துல கட்டி மேல இழுத்துக்கிட்டுப் போற பய, அதே மாதிரி இழுத்து இழுத்து ரேடியோவுல பேசிக் காட்டுனான். கீழ இருந்த எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஊலி இறங்கி வந்து, விமானத்தைக் கொட்டகையில தள்ளிவிட்டு, நேரா வீட்டுக்குப் போயிட்டாரு. அன்னையிலிருந்து அந்த ரேடியோப் பொத்தானை அவர் அமுக்குனதே இல்ல.

அதுக்கப்புறம் அவர் பறக்கணும்னா பக்கத்து இருக்கையில நான் உக்காரணும். அவர் ஓட்டுவாரு, நான் பேசுவேன். எனக்கு முட்டி வலின்னா அவருக்கும் பறக்க வழியில்ல. அந்த மாதிரி நாள்ல கொட்டகைக்கு வந்து, இறக்கையைத் துணியால துடைச்சுக்கிட்டே நிப்பாரு. துடைச்ச இடத்தையே திரும்பத் துடைப்பாரு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். "யோவ், வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? நாலு வார்த்தைய்யா, சொல்லிட்டுப் போயேன்"னு திட்டுவேன். சிரிப்பாரு.

அவருக்கு அந்தப் பக்கம் ஒரே சொந்தம் அண்ணன் நோல்டி. வருஷத்துக்கு ரெண்டு தடவை அண்ணனைப் பார்க்கப் போவோம். சுவிஸ் நம்ம ஐரோப்பியக் கூட்டுக்குள்ள இல்லாததால, எங்க புல்தரையிலிருந்து நேரா எல்லையைத் தாண்டக் கூடாது. சுங்கம் இருக்குற பெரிய களத்துல இறங்கி, அவங்க பார்த்து அனுப்புன பிறகுதான் போகணும். அவங்களும் அங்கேயே குடியிருக்குறவங்க இல்ல. முந்தின நாளே சொல்லி வெச்சாத்தான் வருவாங்க. சாவு முந்தின நாளே சொல்லிட்டா வருது?

நவம்பர் மாசம் ஒரு சனிக்கிழமை காலையில, மாட்டுக்கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருக்கேன், ஊலி சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாரு. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. பின்னாலேயே சொலாஞ்ச், கையில கார் சாவி.

"நோல்டிக்கு ரொம்ப முடியல, ஜோசி. அவர் பொண்டாட்டி போன் பண்ணுனா. சாயங்காலம் வரைக்கும் தாங்குனா பெரிசுங்குறாங்க. தம்பி வர்றானான்னு கேட்டுக்கிட்டே இருக்காராம்"னா சொலாஞ்ச். "கார்ல போயிடலாம்னா கேக்க மாட்டேங்குறாரு."

"கார் அஞ்சு மணி நேரம். விமானம் ஒன்றரை"ன்னாரு ஊலி.

நான் ஏப்ரனைக் கழட்டி வீசுனேன். "அப்ப நேரா போயிடலாம்யா. எல்லை மலைக்கு மேல ஒருத்தனும் லத்தியோட நிக்கப் போறதில்ல."

"சுங்கம்"னாரு.

"உன் அண்ணன் சாகக் கிடக்காரு, உனக்குச் சுங்கம் கேக்குதா?"

"சொல்லாம போறது திருடன்"னாரு. அவ்வளவுதான். இந்த ஊர்க்காரனா இருந்தா தோளைக் குலுக்கிட்டுப் பறந்திருப்பான். ஆள் இல்லாத ரோட்டுலயும் சிவப்பு விளக்குக்கு நிக்கிற சாதி அது. என்ன பண்ண?

சுங்கத்துக்கு நானே போன் போட்டேன். முந்தின நாளே சொல்லியிருக்கணுமேன்னாங்க. நான் கத்துனேன், கெஞ்சுனேன், அழக்கூட அழுதேன். கடைசியில அந்த அதிகாரிப் பொண்ணு மனசு இறங்கிட்டா. "அண்ணன்னு சொல்றீங்க, உங்களுக்காகவே வர்றோம். அங்க வந்து இருங்க. நாங்க பார்க்காம மட்டும் கிளம்பிடாதீங்க, எங்க தலை போயிடும்"னா. நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் எங்களைக் கட்டிப் போட்டுச்சு. வர முடியாதுன்னு அவ சொல்லியிருந்தா, சொலாஞ்ச் அந்த நிமிஷமே காரை எடுத்திருப்பா.

பெரிய களத்துல கோபுரம் இருக்கு, இங்கிலீஷ்ல பேசலாம். அந்த ரேடியோ இங்கிலீஷ் அவருக்கு அத்துப்படி, அங்க ஊலி ராஜா. தானே பேசி, தானே இறக்குனாரு. விமானத்தை நிறுத்திட்டு காத்திருக்கிற அறைக்குள்ள போனோம். எங்களுக்குப் பின்னால கதவு தானா பூட்டிக்கிச்சு. விமானத்துக்குத் திரும்பணும்னா சுங்கம் வந்து திறந்து விடணுமாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டுனா தொடுற தூரத்துல விமானம். இந்தப் பக்கம் நாங்களும், காசு போட்டா சூடா அழுக்குத் தண்ணி ஊத்துற ஒரு காப்பி மெஷினும்.

மத்தியானம் ஆச்சு, ஒருத்தரும் வரல. கவுண்டர்ல இருந்த அம்மாவைக் கேட்டேன். "நெடுஞ்சாலையில ஏதோ சிகரெட்டு கடத்துன லாரியைப் பிடிச்சிருக்காங்களாம், முடிச்சிட்டு வந்துடுவாங்க"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா, "கிளம்பிட்டாங்களாம்." அதுக்கும் அப்புறம் கேட்டா, "இன்னொரு லாரியாம்." நான் கவுண்டரைத் தட்டி, "லாரியில இருக்குற சிகரெட்டு எங்கயும் ஓடிடாது, இங்க ஒரு உசிரு ஓடிக்கிட்டு இருக்கு"ன்னு கத்துனேன். அவ என்ன பண்ணுவா பாவம், அவளும் கையைப் பிசைஞ்சா.

சொலாஞ்ச் போன்ல, "காரை எடுத்துக்கிட்டு வரவா?"ன்னா. ஊலி கடிகாரத்தைப் பார்த்தாரு. இவ வந்து சேரணும், அப்புறம் அங்கிருந்து ரோட்டுல போகணும். இன்னும் கொஞ்சத்துல சுங்கம் வந்துட்டா விமானம்தான் முந்தும். "வேண்டாம்"னாரு. அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு, அதே பதில்தான் போச்சு. ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்துக்கு அதுதான் சரியான கணக்கு. அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது. காலையிலயே கார்ல கிளம்பியிருந்தா அந்நேரம் நோல்டி வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டியிருப்போம்.

வெளிச்சம் சாய ஆரம்பிச்சுது. இருட்டுல பறக்க எங்க ரெண்டு பேருக்கும் அனுமதி கிடையாது. ஊலி எழுந்து போயி கண்ணாடிக் கதவுல நெத்தியை வெச்சு நின்னாரு. கைப்பிடியைப் பிடிச்சு ஒருதடவை இழுத்துப் பார்த்தாரு. உடைக்கணும்னு இல்ல, சும்மா, திறக்குதான்னு.

அப்பத்தான் போன் வந்துச்சு. அண்ணி. நோல்டி காதுல போனை வெச்சிருக்கேன், பேசுங்கன்னு சொல்லியிருக்கணும். ஊலி பேச ஆரம்பிச்சாரு.

அவங்க மலைப் பாஷை. எனக்கு ஒரு எழுத்துப் புரியல. ஆனா இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச்சு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது! மழை மாதிரி கொட்டுனாரு. நடுவுல சிரிச்சாரு, என்னமோ ஒரு பாட்டை ரெண்டு வரி முணுமுணுத்தாரு, கையை ஆட்டி யாரையோ கேலி பண்ணுனாரு. வாயில்லாப் பூச்சின்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு, இவருக்கு நான் வாயாம்! எனக்கு வெக்கமாப் போச்சு. பேசிக்கிட்டே இருந்தவர் சட்டுனு நிறுத்துனாரு. அண்ணி சொன்னதைக் கேட்டாரு. அப்புறம் போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

அந்த நேரம் பார்த்துத்தான் சுங்கத்துக்காரங்க ஓட்டமும் நடையுமா வந்தாங்க, அந்தப் பொண்ணும் இன்னொருத்தரும். "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க"ன்னுக்கிட்டே கதவைத் திறந்தா. காலையில என்கிட்ட அவ்வளவு கனிவாப் பேசுனவ. விமானத்துக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, வழக்கமா கேக்குறதை அவ பாட்டுக்குக் கேட்டா:

"அந்தப் பக்கம் கொண்டு போக ஏதாவது இருக்கா, ஐயா?"

"இப்ப ஒண்ணும் இல்ல"ன்னாரு ஊலி.

அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. தொப்பியைக் கழட்டிட்டு நின்னா.

எல்லையைத் தாண்ட வெளிச்சம் போதாது. எங்க களத்துக்குத் திரும்ப மட்டும்தான் பொழுது இருந்துச்சு. வீட்டுக்கே போயிடலாம், காலையில ரயில்ல அடக்கத்துக்குப் போங்கன்னேன். தலையாட்டுனாரு. தூரத்துல எங்க களத்து மரவரிசை தெரிஞ்சதும், வழக்கம்போல நான் பேசுறதுக்கு ரேடியோப் பொத்தான்கிட்ட கையைக் கொண்டு போனேன். ஊலி என் கையைப் பிடிச்சு, மெதுவா எடுத்து என் மடியில வெச்சாரு. பொத்தானை அமுக்குனாரு.

"எல்லாருக்கும்"னாரு, பிரெஞ்சுல. "நான் ஊலி. நான் தெற்கு. என் அண்ணன் செத்தது. நான் போகல. கதவு மூடி, நான் உள்ள. இப்ப நான் கீழ வர வேணும்."

சனிக்கிழமைன்னா அந்த நேரம் மேல ரெமி சுத்திக்கிட்டு இருக்கான்னு எனக்குத் தெரியும். இவன் மட்டும் இப்ப எதையாவது சொல்லட்டும், இறங்குனதும் கழுத்தைத் திருகிடணும்னு நினைச்சேன்.

அப்புறம் ரெமி குரல். குரல் ஒருமாதிரி கரகரத்துச்சு. "ஊலி, நான் ரெமி. கேட்டேன், எல்லாம் புரிஞ்சுது. நான் வடக்க விலகிப் போயிடுறேன். களத்துல யாரும் இல்ல. நீ மெதுவா வா."

ஊலி பொத்தானைத் திரும்ப அமுக்குனாரு. "நன்றி"ன்னாரு. அப்புறம் இறங்குற வரைக்கும், எங்க இருக்கோம், எங்க திரும்புறோம்னு ஒவ்வொண்ணையும் அவரே சொன்னாரு, தப்புத் தப்பா. நான் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.