இழுபட்ட பம்பர்

அப்பாவும் நானும் வந்திருக்கிறோம். அம்மா வரவில்லை. "பிள்ளை அடிபடுறதை என்னாலை பார்க்கேலாது" என்று ஸ்காபரோ வீட்டிலேயே நின்றுவிட்டார்.

விட்பி நகருக்கு அப்பால், சோள வயல்களுக்கு நடுவே உள்ள வட்டத் திடலில் அக்கா தன் பழைய காரில் பந்தயம் ஓடுகிறாள். முந்திய இரண்டு பந்தயங்களிலும் அவள் பாதியில் நின்றுவிட்டாள். இன்றும் ஓடி முடிக்காவிட்டால் காரை விற்பதாக அப்பாவிடம் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

வளைவில் ஒருவன் வந்து இடிக்கிறான். முன்பம்பர் கழன்று தரையில் இழுபடுகிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

"விடாதை பிள்ளை, மிதி!"

கத்துவது அப்பாதான்.

அக்கா கடைசிக்கு முந்திய ஆளாக ஓடி முடிக்கிறாள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அப்பா, பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் வெள்ளைக்காரக் கிழவர் முன்னால் நிற்கிறார். எங்கள் வீட்டில் படித்தவன் நான்தான் என்று, ஆங்கிலம் பேச என்னைக் கூப்பிடுகிறார்.

கிழவர் ஒரு பம்பருக்கு அறுபது டொலர் கேட்கிறார்.

"அறுபதோ? உது நெளிஞ்செல்லோ கிடக்கு! நாப்பது எண்டு சொல்லடா."

சொல்கிறேன். கிழவர் சிரிக்கிறார். "பம்பரை இழுத்துக்கொண்டே ஓடினாளே, அவள் உங்கள் ஆளா?"

இதற்கு நான் தேவைப்படவில்லை. "மை டோட்டர்" என்கிறார் அப்பா.

"அப்படியென்றால் அடுத்த கிழமையும் வருவீர்கள். முப்பத்தைந்து தாருங்கள்."

அப்பா தன் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், முப்பத்தைந்து டொலர்.