திரும்பி வந்த திப்பி

என் கண்ணால் கண்டவற்றையும், என் காதுபடப் பேசப்பட்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இது என் ஓரகத்தியைப் பற்றியது. அவள்மீது எனக்குப் பொறாமை உண்டு. பொறாமை கொண்டவள் ஊகிக்கத் தொடங்கினால், ஊகங்கள் அனைத்தும் ஒரே பக்கமாகச் சாயும். அதனால் உறுதியாக அறியாத எதற்கும் இங்கே இடம் தரவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை ஒட்டிய எங்கள் சிற்றூரில், மாமனாரின் நிலத்தை அவருடைய மக்கள் இருவரும் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவரின் மனைவி நான். கள்ளக்குறிச்சிப் பள்ளியில் தமிழாசிரியை. இளையவரின் மனைவி அவள். இரு நிலங்களுக்கும் நடுவே ஒரு வரப்பு. இருபுறமும் அதே செம்மண், அதே கிணற்று நீர், அதே மரவள்ளி. நடுகுச்சிகளைக்கூட ஒரே கட்டிலிருந்து பிரித்து நட்டோம்.

ஆனால் சின்னசேலத்துக்கு அப்பாலிருந்த கிழங்கு ஆலையில் அந்தச் சமத்துவம் குலையும். மாவுச்சத்தை அறிவதற்காக அங்கே கிழங்கை நீரில் அமிழ்த்தி எடைபோடுவார்கள். கிடைக்கும் அளவைப் ‘பாயிண்ட்’ என்பார்கள். விலை அதற்குத் தக்கபடி. ஆண்டுதோறும் அவளுடைய கிழங்குக்கே பாயிண்ட் அதிகம். லாரி திரும்பிய மறுநாள் அவள் வரப்பருகே வந்து, பெரும் துக்கத்தோடு என்னை விசாரிப்பாள்.

“ஒங்குளுக்கு இந்த வாட்டியும் கம்மியாமே அக்கா? நீங்க பசங்களுக்கு மார்க்க கொறச்சிப் போடுறீங்கள்ல, அதுங்க வுட்ட சாபந்தான்.”

அவளிடம் மாடுகள் இருந்தன, என்னிடம் இல்லை. என் ஊதியத்தில் கட்டிய சிமெண்ட்டுக் களம் என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லை. அவளிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அது ஒன்றே. ஆகவே அதற்கு வேலியிட்டுப் பூட்டும் போட்டிருந்தேன்.

ஓராண்டு அறுவடைக்கு முன்னர், ஆலையின் கள அலுவலர் வந்து புதிய ஏற்பாடு ஒன்றைச் சொன்னார். எங்கள் கிழங்கின் மாவை வாங்கும் வெளிநாட்டார் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்கள்: மாவு போக எஞ்சுவது, அது விளைந்த மண்ணுக்கே திரும்ப வேண்டும். அதுவரை, மாவு பிழிந்தபின் மிஞ்சும் சக்கையாகிய திப்பி ஆலையின் பின்புறம் குவிந்து புளித்து நாறியது. இனிமேல், கிழங்கைக் கொண்டுபோன லாரி வெறுமையாகத் திரும்பாமல் திப்பியை ஏற்றி வரும். மழைக்காலத்தில் அந்த வெளிநாட்டார் நேரில் வருவார்கள். எங்கள் ஊரில் ஒரு நிலத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும். அவர்கள் ஒப்பும் நிலத்தில்தான் அடுத்த அறுவடையிலிருந்து லாரி முதலில் வந்து நிற்கும். பிடுங்கிய கிழங்கு கிடக்கக் கிடக்கச் சத்து இறங்கும். முதலில் ஏற்றப்படுவோருக்குப் பாயிண்ட் உயரும். அந்த நிலம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அலுவலர் வழியும் சொன்னார். திப்பியை என் களத்தில் உலர்த்தி, அவள் மாடுகளுக்குத் தீவனமாக்கி, சாணத்தை மக்கவைத்து இரு நிலங்களுக்கும் இடலாம். குறை சொல்ல முடியாத வட்டம். அது அவளுடைய தொழுவத்தின் வழியாகச் செல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திப்பியோடு லாரி வந்த அன்று அவள் களம் கேட்டு வந்தாள். மண்ணில் கொட்டினால் மணல் ஒட்டிக்கொள்ளும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்றாள். களம் எனக்கு வேண்டும் என்றேன்.

“இன்னாத்துக்கு அக்கா? வெயிலக் காய வெக்கவா?”

அவள் தன் பங்கைப் பழம்புடவைகளின்மேல் பரப்பி உலர்த்தினாள். நானோ நிபந்தனையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றினேன். விளைந்த மண்ணுக்கே திப்பியை ஈரத்தோடு திருப்பினேன். புதிதாக நட்ட குச்சிகளின் அடியில் கூடை கூடையாகக் கொட்டச் செய்தேன். முதல் மழையில் அது புளித்துச் சூடேறியது. ஈக்கள் மொய்த்தன. முளைத்த இலைகள் மஞ்சளாயின. வரப்புக்கு அந்தப் பக்கம் கரும்பச்சையாக இருந்தது.

வெளிநாட்டார் வந்தபோது நாங்கள் இருவரும் வரப்பில் நின்றோம். அவர்களுள் ஓர் அம்மையார் என் நிலத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். இது யாருடையது, ஏன் இப்படி இருக்கிறது என்று அலுவலர் அதைத் தமிழில் சொன்னார். நான் வாய் திறக்குமுன் அவள் பேசினாள்.

“ரெண்டும் எங்க வூட்டு நெலந்தாங்க. இந்தாண்ட திப்பிய அப்பிடியே ஈரமா கொட்டிப் பாத்தோம். அந்தாண்ட மாட்டுக்குப் போட்டு, சாணிய எடுத்துக் கொட்னோம். எது நல்லதுன்னு தெரியணுமில்ல? அக்கா டீச்சருங்க. அவங்க ரோசனதான்.”

மொழிபெயர்ப்பைக் கேட்டு அவர்கள் மகிழ்ந்தார்கள். இப்படி ஒப்பிட்டுப் பார்த்தவர்களைத் தாங்கள் வேறெங்கும் காணவில்லை என்றார்கள். வரப்பை நடுவில் வைத்து, மஞ்சளும் பச்சையும் ஒருசேரத் தெரியுமாறு படம் எடுத்தார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் தோல்விக்கு ஒரு பொருள் கற்பிக்க அவளுக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. அவளுடைய பாயிண்ட்டுகளைவிட அந்த நொடியின்மேல்தான் எனக்கு அதிகப் பொறாமை.

வண்டிகள் புறப்பட்டுப் போன புழுதி அடங்குமுன் அவள் கையை நீட்டினாள்.

“களத்துச் சாவியக் குடுங்க அக்கா.”

கொடுத்தேன்.

அடுத்த அறுவடையிலிருந்து லாரி எங்கள் வரப்போரத்தில்தான் முதலில் நிற்கிறது. இருவர் கிழங்கும் தனித்தனி மூட்டைகளாக ஒரே நேரத்தில் ஏறுகின்றன. திப்பி என் களத்தில் உலர்ந்து அவள் தொழுவத்துக்குப் போகிறது. எரு என் நிலத்துக்கும் வருகிறது. எனக்குப் பாயிண்ட் உயர்ந்தது. அவளுக்கும் உயர்ந்தது, இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. எனக்கென அவள் எரு அள்ளும்போது, குவியலின் எந்தப் பக்கத்திலிருந்து அள்ளுகிறாள் என்று நின்று பார்க்கிறேன். ஒரே பக்கத்திலிருந்துதான் இருவருக்கும் அள்ளுகிறாள்.

அன்று அவள் என்னைக் காப்பாற்றுவதற்காகப் பேசினாளா, சாவிக்காகப் பேசினாளா என்பது எனக்குத் தெரியாது. ஒரே மண்ணில், ஒரே எருவில் அவளுடைய கிழங்குக்கு மட்டும் சத்து மிகுவது எதனால் என்பதும் தெரியாது. இரண்டையும் அவளிடம் நான் கேட்டதில்லை.