அத்தை எழுதிய விடுதலை

“ஏம்மா, விடுதலைய பத்தி எழுதச் சொல்லி போட்டிருக்கியே, அதுல தேதி, ரிஜிஸ்டர் நம்பர்லாம் போடணுமா?” என்று அத்தை போனில் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். “நம்பரெல்லாம் எதுக்கு அத்தை, மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். விடுதலைக்கு ஏது ரிஜிஸ்டர் நம்பர் என்று வழியெல்லாம் சிரிப்பு வந்தது.

அப்போது நானும் கும்பகோணத்துத் தோழி ஒருத்தியும் சேர்ந்து பெண்ணுரிமைக்காக ஒரு வலைப்பூ நடத்திக்கொண்டிருந்தோம். நாங்களே எழுதி, நாங்களே படித்து, நாங்களே பாராட்டிக்கொள்வது எங்களுக்கே அலுத்துப்போயிற்று. வெளியாட்களை எழுதச் சொல்லலாம் என்று தோழிதான் சொன்னாள். ‘என் விடுதலை’ என்று தலைப்புக் கொடுத்து, பெண்கள் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தோம். தெரிந்த நர்ஸ், பேங்க்கில் வேலை பார்ப்பவர், நாகூரில் துணிக்கடை வைத்திருக்கும் அம்மா என்று ஆள் ஆளாகப் பிடித்துக் கேட்டேன். எல்லாரும் கண்டிப்பாக எழுதுகிறேன் என்றார்கள், அதோடு சரி. கேட்காமலே எழுதியவர் அத்தை ஒருவர்தான். அப்பாவுக்கு மூத்தவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாக்கப்பட்டவர், வாரப் பத்திரிகை கையில் கிடைத்தால் ஒரு வரி விடமாட்டார்.

கையால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். படித்த பிறகுதான் நம்பர் விஷயம் புரிந்தது. அத்தை எழுதியிருந்தது விடுதலைப் பத்திரத்தைப் பற்றி. பெண்பிள்ளை தன் பங்கு நிலத்தைக் கூடப்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருகிற பத்திரத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் அதுதான் பெயர். எங்கள் தலைப்பும் அதே சொல் என்பது மெத்தப் படித்த எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. அம்மாபேட்டைக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாகத் தாத்தா விட்டுப்போன நிலத்தில் தன் பாகத்தை என் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த நாளை அத்தை ஒன்று விடாமல் எழுதியிருந்தார். ஆபீஸில் தனக்கு முதலில் நாற்காலி போட்டார்களாம். ‘முழு மனச்சம்மதத்துடன்’ என்று பத்திரத்தை வாசித்தபோது பெருமையாக இருந்ததாம். கடைசி வரிகள் இவை: “அன்று முதல் பிறந்த வீட்டில் ஒரு முருங்கைக்காய் பறிப்பதானாலும் தம்பி மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் பறிக்கிறேன். அதற்கு முன்பு கேட்டதில்லை. இதுவே என் விடுதலை.” சந்தோஷமா, வருத்தமா, குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை. குத்தலாகப் பேசுகிறவர் இல்லை அத்தை. அந்தத் தம்பி மனைவி என் அம்மா.

“உரிமைய விட்டுக்குடுத்தத பெருமையா எழுதியிருக்காங்க, இத எப்படிடி போடறது?” என்றாள் தோழி. மறுநாள் அவளே கூப்பிட்டு, “இத போடாம வேற எத போடறது?” என்றாள். என்ன நினைத்து எழுதினீர்கள் என்று அத்தையிடமே கேட்டுவிட்டேன். “எனக்கு எழுதத் தோணுச்சு, எழுதுனேன்” என்றார். பிறகு, “உங்கப்பாட்ட காட்டிட்டு போடும்மா. அவன் வேண்டாம்னா விட்டுரு. நல்ல நாள் கெட்ட நாளுக்கு எனக்கு வேற போக்கிடம் ஏது?” என்றார். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவும் போய்விட்டார். பொங்கலுக்கு அப்பா கொண்டுபோகிற வரிசை ஒன்றுதான் அவருக்கு என்று வருவது. அப்பா கோபித்துக்கொண்டால் அதுவும் நின்றுபோகும். பெண்ணுரிமைக் கட்டுரைக்குத் தம்பியிடம் அனுமதியா என்று தோழி கத்தினாள். எனக்கும் ஆத்திரமாக வந்தது. அத்தை மேலா, அப்பா மேலா, எங்கள் தலைப்பின் மேலா என்றுதான் தெரியவில்லை.

ஊருக்குப் போனபோது குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாப்பிட வந்த அப்பாவிடம் போனை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். படித்து முடித்துப் போனைத் திருப்பித் தந்தார். “அன்னிக்கு கையெழுத்து போட்டுட்டு அக்காவ ஓட்டலுக்கு கூட்டிட்டு போனேன். இலையில வச்சத அது தொடவே இல்ல. வயித்த வலிக்குதுன்னுச்சு. சரின்னு நான் சாப்ட்டேன்.” கட்டுரையில் ஓட்டலைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள், “போட்டுக்க” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே அறுப்பு மெஷினைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. வலைப்பூ இருக்கிறது. யார் யாரோ எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். அத்தையின் கட்டுரையை மட்டும் வெளியிடவில்லை. இனி யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள், போட்டுவிடு என்கிறாள் தோழி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த அளவு எழுதியதே சரியா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அப்பா படித்த அன்று சாயங்காலமே அத்தைக்குப் போன் செய்து, “அப்பா போட்டுக்கச் சொல்லிட்டாங்க அத்தை” என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“அவன் கடைசி வரைக்கும் படிச்சானா?”

“முழுசா படிச்சாங்க அத்தை.”

“அப்ப போதும்மா. நீ ஒண்ணும் போட வேண்டாம்.”