மலை தெரியும் திருப்பம்

நான் எந்த வேண்டுதலும் வேண்டிக்கொள்ளவில்லை. அப்பாவின் உயிருக்காக முருகனிடம் நேர்ந்துகொண்டேன் என்று சொன்னது பச்சைப் பொய்! அந்தப் பொய்க்கு என் அம்மா தன் காலைக் கொடுத்தாள்.

இதுவரை ஒருவரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் அம்மாவைப் பார்க்கப்போவதில்லை என்கிற தைரியம்தான், வேறென்ன!

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளியில் இருந்தவரை ஓட்டப்பந்தயங்களில் ஓடினேன். பிளஸ் டூ முடிந்ததும் அதுவும் முடிந்தது. திண்டுக்கல்லின் மேற்கு ஓரம், பழனி ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. பின்பக்கம் ஒரு வண்டிப்பாதை கருவேலங்காட்டுக்குள் நுழைந்து, சோளக்காடுகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அதையே பார்ப்பேன். எங்கே போய் முடிகிறது? காலே வலிக்காமல் ஓடினால் எதுவரை போகலாம்? கால் உள்ளுக்குள் தவிக்கும் என்பது உங்களுக்குப் புரியுமா? எனக்குத் தவித்தது. ஆனால் ஒரு வயசுப்பெண் காரணமில்லாமல் அந்தப் பாதையில் ஓட முடியுமா என்ன!

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் குஜிலியம்பாறை டிரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முருகா, முருகா என்று அரற்றினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவைப் பார்த்து, இதில் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பிழைத்தார். வீடு திரும்பிய வாரத்திலேயே அம்மாவிடம் சொன்னேன்.

"யம்மா, அப்பாவுக்காக நேந்துக்கிட்டேன். ஒரு வருசம், கிருத்திகைக்குக் கிருத்திகை, முருகன் கோயிலுக்கு ஓடி வாரேன்னு. கடைசிக் கிருத்திகைக்குப் பழனிக்கே."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாதான் தயங்கினார். "ஏத்தா, அம்புட்டுத் தூரம் ஓட ஏலுமா? நடந்து போனா முருகன் வேணாம்னா சொல்லப்போறாரு?"

"புள்ள வாக்குக் குடுத்துருச்சு. நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் அம்மா.

மறுநாளே எனக்கு மஞ்சள் பாவாடையும் மஞ்சள் சட்டையும் தைக்கக் கொடுத்தாள். கழுத்துக்குத் துளசிமணி. அந்த மஞ்சளை உடுத்தியதும் நடந்த மாயத்தை என்னவென்று சொல்வேன்! நேற்றுவரை விசில் அடித்த பையன்கள் கும்பிட்டார்கள். மாட்டுவண்டிகள் ஒதுங்கின. வழியோர வீடுகளில் பெண்கள் குடத்தோடு ஓடிவந்து என் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு தாய் காய்ச்சலில் துவண்ட குழந்தையைக் காட்டி, "இதுக்கும் சேத்து வேண்டிக்கத்தா" என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டு ஓடினேன். அடுத்த மேட்டில் மறந்தே போனேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்கிறீர்கள்? அம்மாவேதான்! "பழகாம ஓடினா மூச்சு வாங்கும்டி" என்று விடியுமுன் எழுப்பிவிடுவாள். கேழ்வரகுக் கூழும் வெஞ்சனத்துக்குச் சின்ன வெங்காயமும் தருவாள். காலண்டரில் கிருத்திகைகளை வட்டமிட்டு, மாதம் ஏற ஏறத் தூரமும் ஏறும்படி கோயில்களை இருவரும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தோம். இடைப்பட்ட நாட்களில் சிறுமலை அடிவாரத்தில் ஏற்றம் பழகினேன். ஒருநாள் மெதுவாக, ஒருநாள் நெடுந்தூரம், ஒருநாள் முழு ஓய்வு. கிழக்கே ஓடிய நாட்களில் அப்பாவின் பஸ்ஸே வழியில் என்னை ஏற்றிக்கொண்டு வரும். தைத்த முள்ளை அம்மா விளக்கடியில் உட்கார்ந்து எடுப்பாள். நான் அவளிடம் அன்று ஓடிய பாதையை வர்ணிப்பேன். அந்த ஒரு வருஷம்போல் நாங்கள் இருவரும் அதற்கு முன்பும் பின்பும் சிரித்ததில்லை.

கடைசிக் கிருத்திகை சித்திரையில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஓய்வெடுக்க வேண்டியவள், ஆசை அடங்காமல் ஆத்தூர் அணைக்கரையில் ஓடினேன். கல்லில் கால் பிசகியது. வீடு வரும்போது கணுக்கால் வீங்கித் தரையில் ஊன்ற முடியவில்லை.

அம்மா என் காலைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நான் போறேன்" என்றாள். "உன்ன மாரி ஓட ஏலாது. நடந்து போறேன். வேண்டுதல் நின்னா உங்கப்பா உசுருக்கு யாருடி பொறுப்பு?"

அப்பா பஸ்ஸில் போகச் சொல்லிக் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை.

ஒரே ஒரு வாக்கியம் போதும், இல்லையா? "யம்மா, நான் வேண்டிக்கவே இல்ல." அவ்வளவுதான்! நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டேன். ஏன்? அடிக்குப் பயந்தா? இல்லை. அடுத்த வருஷத்துக்கும் ஒரு வேண்டுதலை மனதுக்குள் தயார்செய்து வைத்திருந்தேன்! உண்மையைச் சொன்னால் மஞ்சள் பாவாடை போய்விடும். பாதை போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா மஞ்சள் சேலை கட்டி வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கினாள். துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் போனார். அவள் போவதை ஜன்னலில் பார்த்தேன். பாவம் என்று தோன்றியதா? தோன்றியது. ஆனால் அதற்கும் முன்னால் பொறாமை வந்தது! ஒரு வருஷமாக நான் ஏங்கிய ரோடு... அதில் அவள் போகிறாளே என்று பொறாமை!

மூன்றாம் நாள் அப்பா அவளைக் கைத்தாங்கலாக பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்துவந்தார். உள்ளங்கால் தோல் உரிந்து தொங்கியது. நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சத்திரப்பட்டி தாண்டி ரோடு எப்பிடிம்மா இருந்துச்சு? மலை எங்க தெரிஞ்சது?"

அந்தக் காலை வைத்துக்கொண்டும் அவள் முகம் மலர்ந்தது. "ஒரு திருப்பம் வருதுடி. புளியமரமா இருக்கு. திரும்புன ஒடனே கோபுரத்தோட மலை அப்பிடியே முன்னால நிக்குது. ஒன்னயத்தான் நெனச்சேன்."

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது. புண் ஆறவில்லை. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். "ரெண்டு வெரலோட விட்டாரே முருகன்! உங்கப்பாவ விட்டுட்டாருல்ல" என்றாள்.

வேண்டுதல் முடிந்துபோனது. விரல் போன அந்தக் காலைப் பார்த்தபின், தயார்செய்து வைத்திருந்த அடுத்த வேண்டுதலை எடுத்துவிட எனக்கே துணிச்சல் வரவில்லை. இனி எதற்கு ஓட வேண்டும்? மஞ்சள் பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள் அம்மா. என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா அதன்பிறகும் நெடுங்காலம் இருந்தார். வேண்டுதலின் பலன் என்று ஊரே பேசியது.

எத்தனையோ முறை பஸ்ஸில் பழனி போயிருக்கிறேன். சத்திரப்பட்டி தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தத் திருப்பத்தை என் காலால் ஓடிப்போய்த்தான் பார்க்க வேண்டும் என்று இன்னும் ஆசை... தேய்ந்துபோன இந்த முட்டியை வைத்துக்கொண்டு! வெட்கமாக இல்லையா எனக்கு?

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சாயங்காலம் வெந்நீரில் அவள் காலைக் கழுவிவிடுவேன். விரல் இல்லாத இடத்தில் என் கை படும்போது அந்த வாக்கியம் நாக்குக்கு வரும். ஆனால் வாயைத் திறந்தால் வேறொன்றுதான் கேட்கிறேன். "அந்தத் திருப்பத்தைச் சொல்லும்மா."

அவள் சொல்கிறாள். புளியமரம், கோபுரம், மலை. ஒன்றையும் விடுவதில்லை. சொல்லி முடித்து என் தலையைத் தடவுகிறாள்.

"நீ ஓடிருந்தா முருகனுக்கு இன்னும் சந்தோசமா இருந்திருக்கும்டி."

"ஆமாம்மா" என்கிறேன். அவள் காலைத் துடைத்துவிடுகிறேன்.