ஹூஸ்டனில் எஸ்றா

ஹில்குரோஃப்ட் சாலைக்குப் பின்னால், வாடகை மண்டபத்தில் தமிழ் ஆராதனை நடக்கிறது. நான் லண்டனிலிருந்து தம்பி ஜெயனைப் பார்க்க வந்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அவன் மனைவி எலேனா, மடியில் குழந்தையோடு. மெக்சிக்கோக்காரி. எங்கள் அம்மாவிடம் யாழ்ப்பாணத் தமிழ் பழகியவள்.

சென்னைக்காரப் போதகர் ஆசாரியன் எஸ்றாவைப் பற்றிப் பேசுகிறார். வேற்றுநாட்டுச் சிறையிருப்பிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய யூதர்கள், ஆசாரியர்கள்கூட, அந்நியப் பெண்களை மணந்திருந்தார்களாம். அந்தப் பெண்களைப் பிள்ளைகளோடு அனுப்பிவிடச் செய்தாராம் எஸ்றா.

"நம்ம பசங்களும் வெளியில கல்யாணம் பண்ணிக்கிறாங்க. யோசிங்க," என்கிறார். பின்வரிசையில் யாரோ ஆமென் சொல்கிறார்கள். எனக்குக் காது சுடுகிறது.

ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது எலேனா அவரிடம் போகிறாள்.

"பாஸ்டர், அந்தப் பொம்பிளையள் பிள்ளையளோட எங்க போனவை?"

அவர் திகைக்கிறார். "அதைப் பத்தி வேதத்துல சொல்லல, சிஸ்டர்."

"நீங்களும் யோசிக்கேல்லையோ?"

ஜெயன் பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். போரில் ஷெல்லடிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவன்.

"அக்கா, சீன் பண்ண வேண்டாமெண்டு அவளிட்டச் சொல்லுங்கோ," என்கிறான் மெல்ல.

"நீ வாய் திறந்திருந்தா அவள் கேட்டிருக்க மாட்டாள்."

நான் வெளியே வரும்போது எலேனா குழந்தையைக் காரில் வைத்து பெல்ட் போடுகிறாள். "மச்சாள், வாறீங்களோ?"

நான் ஏறிக்கொள்கிறேன். அவள் காரை எடுக்கிறாள். தம்பி வாசலுக்கு ஓடிவருவது தெரிகிறது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை.